பி.பி.டி. (பிசியோதெரபிப் பட்டப் படிப்பு) சேர ஆசை, மதிப்பெண் 371, கையில் பணமும் குறைவு

செங்கத்துப் பெண் | 9 மே 2024

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருக்கிறேன். 600-க்கு 371. தமிழ் 72, ஆங்கிலம் 49, இயற்பியல் 54, வேதியியல் 61, உயிரியல் 70, கணிதம் 65. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி.

பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்யும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்து போனார். அதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தம்பி எட்டாவது படிக்கிறான்.

தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து ஒரு தனியார் கல்லூரியின் ஆள் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கிறார். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், விடுதி தனி. இந்த வாரத்துக்குள் 25,000 கட்டினால்தான் இடம் உறுதி, ஜூனில் வந்தால் எதுவும் மிஞ்சாது என்கிறார். அப்பா நகையை வைக்கலாமா என்று யோசிக்கிறார். இந்த மதிப்பெண்ணுக்கு வேறு வழி உண்டா?

---

எலும்புக்கூடு | 9 மே 2024

முதலில் அப்பாவிடம் சொல்லி அந்த 25,000-ஐ நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் திருநெல்வேலியில் பிசியோதெரபிஸ்ட். ஒவ்வொரு மே மாதமும் இதே தொலைபேசிப் பேச்சு நடக்கிறது. "இடம் தீர்ந்துவிடும்" என்று மே மாதத்தில் சொல்லும் கல்லூரிகளில் பல, அக்டோபரில் ஆள் கிடைக்காமல் மறுபடி அழைக்கும். பி.பி.டி.க்கு எம்.பி.பி.எஸ். போன்ற நெரிசல் கிடையாது. உங்களுக்கு ஏதோ ஓர் இடம் கட்டாயம் கிடைக்கும். எந்த இடம், என்ன விலைக்கு என்பதில்தான் கவனம் வேண்டும்.

இந்த 2024-ல் தமிழ்நாட்டில் பி.பி.டி.க்கு நீட் கேட்பதில்லை. பிளஸ் டூவின் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். ஆங்கிலத்தில் 49 என்பது இங்கே உங்களைக் கீழே இழுக்காது. கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் விண்ணப்பம் வாங்கி, தரவரிசை வெளியிட்டு, கவுன்சலிங் நடத்துகிறது. நர்சிங், பி.ஃபார்ம்., ரேடியோகிராபி எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே அறிவிப்பில் வரும். அறிவிப்பை இணையத்தில் தினமும் பாருங்கள்.

அரசுக் கல்லூரி என்று பார்த்தால் திருச்சியில் அரசு பிசியோதெரபிக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மருத்துவக் கல்லூரியோடும் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தோடும் சேர்ந்த இடங்கள் இருக்கின்றன. அங்கே கட்டணம் மிகக் குறைவு. அதனாலேயே போட்டி கடுமை. உங்கள் மதிப்பெண்ணுக்கு அது எட்டாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் சுயநிதிக் கல்லூரிகள் தம் இடங்களில் ஒரு பகுதியை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அவற்றுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான். அதே வகுப்பறையில், அதே பெஞ்சில், கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர் உங்களைவிட இரு மடங்கும் அதற்கு மேலும் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

---

கசந்தவன் | 10 மே 2024

எல்லோரும் வழி சொல்லுவீர்கள். நான் ஒருவனாவது உண்மையைச் சொல்கிறேன். இந்தப் படிப்பே வேண்டாம், தங்கையே.

நான்கு ஆண்டு படிப்பு, ஆறு மாதம் பயிற்சி. அந்தப் பயிற்சிக்குப் பல தனியார் கல்லூரிகள் ஒரு பைசா தருவதில்லை. முடித்து வெளியே வந்தபோது சேலத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்குக் கொடுத்தது மாதம் 11,000. அதே கட்டடத்தில் மருந்துக் கடையில் பில் போடுபவரும் ஏறக்குறைய அதைத்தான் வாங்கினார். எம்.பி.டி. என்ற முதுநிலைப் பட்டம் இருக்கிறதா என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு, இன்னும் சில லட்சம். நோயாளி உறவினர்கள் பாதிப் பேர் நம்மை "மசாஜ் செய்கிறவர்" என்றுதான் அழைப்பார்கள்.

இப்போது நான் மருத்துவக் கருவி விற்பனைப் பிரதிநிதி. நிம்மதியாக இருக்கிறேன். லாரி ஓட்டும் அப்பாவின் தலையில் ஐந்து லட்சத்தை ஏற்றுவதற்கு முன் நர்சிங் பற்றி யோசியுங்கள்.

---

கோவை அக்கா | 10 மே 2024

கசந்தவன் சொன்ன சம்பளம் பொய்யில்லை. என் தொடக்கமும் அப்படித்தான். ஆனால் கதையை அவர் முதல் ஆண்டோடு நிறுத்திவிட்டார்.

நான் மூன்று ஆண்டுகள் மருத்துவமனை வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பக்கவாதம், முதுகுத் தண்டு, மூட்டு மாற்று அறுவைக்குப் பின் நடை பழக்குதல், தீவிர சிகிச்சைப் பிரிவில் சளி வெளியேற்றும் மார்புப் பயிற்சி என்று எல்லாவற்றிலும் கை பழகியது அங்கேதான். பிறகு வீடுகளுக்குச் சென்று சிகிச்சை தர ஆரம்பித்தேன். இன்று கோவையில் ஒரு வீட்டுக்கு ஒரு முறைக்கு 500 ரூபாய் வாங்குகிறேன். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் ஏராளம். ஸ்கூட்டர் ஒன்று வேண்டும், முதுகு பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதுகை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபது கிலோ எடையுள்ள, ஒரு பக்கம் செயலிழந்த மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது இந்த வேலையின் அன்றாடம். நுட்பம் தெரிந்தால் முடியும். தெரியாமல் தூக்கினால் முப்பது வயதில் நாமே நோயாளி.

அரசு வேலை என்று கேட்டால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எப்போதாவது ஆள் எடுக்கும். காத்திருந்து அலுத்தவர்கள் அதிகம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு ஒப்பந்த அடிப்படையில் வட்டாரங்களில் பலர் சேர்ந்தார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக எடுக்கிறார்கள். இரண்டிலுமே சம்பளம் சுமார், நிரந்தரம் கிடையாது. உங்கள் பாட்டியிடம் வந்த அக்காவையே ஒருமுறை பார்த்துக் கேளுங்கள்; எங்கள் எல்லோரையும்விட அவர் சரியாகச் சொல்லுவார்.

---

கசந்தவன் | 10 மே 2024

கோவையில் 500. செங்கத்தில் 150 கொடுக்கவே யோசிப்பார்கள்.

---

கோவை அக்கா | 11 மே 2024

அதை ஒப்புக்கொள்கிறேன். தனியாகத் தொழில் செய்ய நகரம் வேண்டும், குறைந்தது திருவண்ணாமலை அளவிலாவது ஊர் வேண்டும்.

---

ஓய்வுபெற்ற காசாளர் | 11 மே 2024

அம்மா, நான் வங்கியில் கல்விக் கடன் மேசையில் பல காலம் உட்கார்ந்தவன். நகையை வைக்கும் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

நகைக் கடனை ஓராண்டில் திருப்ப வேண்டும். உன் படிப்போ நான்கரை ஆண்டு. முதல் ஆண்டுக்கு நகை போய்விட்டால் இரண்டாம் ஆண்டுக்கு என்ன செய்வீர்கள்? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதையாகிவிடும்.

கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக்கூடாது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். ஏழரை லட்சம் வரைகூட மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் பிணையம் தேவையில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அதன் அச்சுப் பிரதியோடு உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிளைக்குப் போ. கல்லூரி இருக்கும் ஊர்க் கிளைக்குப் போனால் "வீட்டுப் பக்கம் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. படிக்கும் காலமும் அதன் பின் ஓராண்டும் சேரும் வட்டியை அரசு ஏற்றுக்கொள்ளும். ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அது பொருந்தாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் சான்றோ உரிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோ இருக்க வேண்டும். இதைச் சேர்ந்த பிறகு விசாரித்துப் பயனில்லை. சேரும் முன்பே கல்லூரியிடம் கேள். மானியத்துக்கான வருமானச் சான்றிதழை ஒவ்வோர் ஆண்டும் யார் நினைவூட்டாவிட்டாலும் நீயே கிளையில் கொண்டுபோய்க் கொடு.

இன்னொன்று. கவுன்சலிங் வழி வந்த ஒதுக்கீட்டு ஆணையை மேலாளர் முன் வைத்தால் அவர் பேனாவைத் திறப்பார். நிர்வாக ஒதுக்கீட்டுக் கடிதத்தை வைத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

லாரிக்குத் தவணை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் அப்பாவின் கடன் மதிப்பெண் அடிபட்டிருக்கும். அதை இப்போதே சரி செய்யச் சொல்.

---

செங்கத்துப் பெண் | 12 மே 2024

ஐயா, லாரி அப்பாவுடையது இல்லை, முதலாளியுடையது. வீட்டில் கடன் என்று மகளிர் குழுவில் மட்டும்தான், ஒழுங்காகக் கட்டுகிறோம்.

முன்பணம் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆள் இப்போது, "பணம் பிறகு தாருங்கள், அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், இடத்தைப் பிடித்து வைக்கிறேன்" என்கிறார்.

---

எலும்புக்கூடு | 12 மே 2024

கொடுக்கவே கூடாது! பணத்தைவிட அது மோசம். அசலைக் கொடுத்துவிட்டால் கவுன்சலிங் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது; திருப்பிக் கேட்டால் ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டு என்பார்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அறிவிப்பு இருக்கிறது என்பதற்காக அலமாரியில் பூட்டியதை எளிதாக வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாசலிலேயே மறுப்பதுதான் சுலபம்.

---

இ-சேவை மேசை | 13 மே 2024

எங்கள் மையத்தில் இந்த வாரம் முழுக்க இதே கூட்டம், அதனால் சொல்கிறேன். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகர்ந்து வர நேரம் பிடிக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை. ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் முன்னெழுத்து முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயரே முழுதாக. உதவித்தொகை நின்றுபோவதற்கு வறுமையைவிட இந்த முன்னெழுத்துதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. கல்லூரியில் சேர்ந்ததும் அவர்கள் வழியாகவே பதிய வேண்டும்.

பட்டியல் இனம், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் என்றால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும்போது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கவுன்சலிங் வழி வந்த இடத்துக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அதை மறந்துவிட வேண்டும்.

---

வேலூர் வாசி | 15 மே 2024

யாரும் சி.எம்.சி. பற்றிச் சொல்லவில்லையே! வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பி.பி.டி. இருக்கிறது. தனி விண்ணப்பம், தனித் தேர்வு, கட்டணம் மிகக் குறைவு. இடங்கள் கொஞ்சம்தான், அதிலும் சில திருச்சபை அமைப்புகளின் பரிந்துரையில் வந்து பிறகு சேவை செய்யக் கடமைப்பட்டவர்களுக்கு. இருந்தாலும் முயன்று பார்க்காமல் விடக் கூடாத இடம்.

வெளி மாநிலம் போகத் துணிவு இருந்தால், ஒடிசாவில் கட்டாக் அருகே ஒலட்பூரிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனங்கள் உண்டு. பொது நுழைவுத் தேர்வு வைத்து பி.பி.டி.யோடு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை), செயற்கைக் கை கால் பொருத்தும் படிப்பு ஆகியவற்றுக்கும் சேர்த்து எடுக்கிறார்கள். அந்த மூன்றாவது படிப்பை நம் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படித்தவர்கள் குறைவு, தேவை அதிகம்.

---

கசந்தவன் | 15 மே 2024

நல்ல தகவல். இதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஆறு மாத பிசியோதெரபி டிப்ளமோ", "அஞ்சல் வழி பி.பி.டி." என்று சுவரொட்டி பார்த்தால் ஓடிவிடுங்கள். அஞ்சலில் யாருக்கும் நடை பழக்க முடியாது. கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது தனி. கட்டணமும் தனி ரகம்.

---

விருதை மாணவன் | 11 ஆகஸ்ட் 2024

இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும். நானும் பி.பி.டி.க்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். நண்பர்கள் எல்லாம் கல்லூரி போய்விட்டார்கள், நான் மட்டும் வீட்டில். அம்மா தினமும் ஒருமுறை "அந்தத் தனியார் இடத்தையாவது பிடித்திருக்கலாம்" என்கிறார். இன்னும் எவ்வளவு நாள் இழுக்கும்? அரசுப் பள்ளிப் பையன்களுக்கும் மாதம் 1,000 என்று இப்போது தொடங்கியிருக்கிறார்களே, இந்தப் படிப்புக்கு உண்டா?

---

இ-சேவை மேசை | 11 ஆகஸ்ட் 2024

நேற்று முன்தினம் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம்தான் அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் பட்டப் படிப்புக்கு உண்டு. இதற்கும் கல்லூரி வழியாகத்தான் பதிவு.

---

எலும்புக்கூடு | 12 ஆகஸ்ட் 2024

தம்பி, எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கவுன்சலிங் ஓடத் தொடங்கிய பிறகே நம்முடையது சூடு பிடிக்கும். செப்டம்பர், அக்டோபர் வரை போவது வழக்கம்தான். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மேலே இருப்பவர்கள் வேறு படிப்புக்குத் தாவத் தாவ, கீழே இடம் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டில் இருக்கும் நாள்களில் ஆங்கிலத்தில் எலும்புகளின் பெயர்களைப் படியுங்கள். முதல் ஆண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும்தான் தமிழ் வழி மாணவர்களைத் தடுக்கி விழ வைக்கின்றன. ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சிக்கு 50 விழுக்காடு வேண்டும், பள்ளியில் போல 35 அல்ல.

---

செங்கத்துப் பெண் | 28 செப்டம்பர் 2024

தரவரிசையில் ஐந்து இலக்கத்தில் இருந்தேன், நம்பிக்கையே போய்விட்டது. ஆனால் அரசு ஒதுக்கீட்டில் எனக்கு எட்டும் நிலையில் இரண்டு கல்லூரிகள் தெரிகின்றன. ஒன்று வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவு. விடுதிச் செலவு மிச்சம். இன்னொன்று நாலரை மணி நேரப் பயணம், விடுதியில்தான் தங்க வேண்டும், ஆனால் சொந்த மருத்துவமனை இருக்கிறது. அப்பா முதலாவதையே சொல்கிறார். விருப்பப் பட்டியலில் எதை மேலே வைப்பது?

---

எலும்புக்கூடு | 28 செப்டம்பர் 2024

பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்க எங்கே போகிறார்கள் என்று விசாரித்தீர்களா?

---

செங்கத்துப் பெண் | 29 செப்டம்பர் 2024

நேற்று அப்பாவோடு நேரில் போனேன். அலுவலகத்தில் "பல மருத்துவமனைகளோடு ஒப்பந்தம்" என்றார்கள். வாசலில் டீக்கடையில் நின்ற இறுதியாண்டு அக்காக்களிடம் கேட்டால், வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போவதாகவும், பெரும்பாலும் கழுத்து வலி, முழங்கால் வலிக்குக் கருவி வைப்பதைப் பார்த்துக் குறிப்பெடுப்பதாகவும் சொன்னார்கள்.

---

கோவை அக்கா | 29 செப்டம்பர் 2024

அப்படியானால் தூரத்துக் கல்லூரி. எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. என்னிடம் வேலைக்கு வரும் புதியவர்களில் சிலருக்குப் புத்தகம் முழுக்க மனப்பாடம். ஆனால் பக்கவாத நோயாளியின் கையைத் தொடத் தயங்குகிறார்கள். தொட்டுப் பழகாத நான்கு ஆண்டை எந்த எம்.பி.டி.யும் ஈடு செய்யாது. எலும்பு முறிவுப் பிரிவு, நரம்பியல், தீவிர சிகிச்சை, குழந்தைகள் பிரிவு இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

---

ஓய்வுபெற்ற காசாளர் | 29 செப்டம்பர் 2024

விடுதிக் கட்டணமும் கல்விக் கடனில் சேரும், அப்பாவிடம் சொல். சேரும் முன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியது: நான்கு ஆண்டுக் கட்டணமா, பயிற்சிக்கால ஆறு மாதத்துக்கும் வாங்குவார்களா? சீருடை, ஆய்வகம், தேர்வு, பஸ் என்று தனியாக என்னென்ன? எல்லாம் அடங்கிய உத்தேசக் கட்டணப் பட்டியலைக் கல்லூரியின் கடிதத்தாளில் முத்திரையோடு வாங்கு. அதில் இல்லாத தொகைக்கு வங்கி பணம் தராது. வாய்ச்சொல்லில் ஏழாயிரம், பத்தாயிரம் என்று பிறகு வருவதுதான் குடும்பங்களை உடைக்கிறது.

---

கசந்தவன் | 30 செப்டம்பர் 2024

வேண்டாம் என்று சொன்னவன் நான்தான், இப்போதும் அந்தச் சம்பளக் கணக்கை மாற்றவில்லை. ஆனால் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம், வட்டி மானியம், மருத்துவமனையுள்ள கல்லூரி மூன்றும் சேர்ந்து வந்தால் போகலாம். ஆண்டுக்கு 1,20,000 கொடுத்து, மருத்துவமனையும் இல்லாத இடம் என்றால் இன்றும் ஓடு என்றே சொல்லுவேன்.

---

செங்கத்துப் பெண் | 19 அக்டோபர் 2024

தூரத்துக் கல்லூரியே கிடைத்தது. வங்கியில் முதல் முறை போனபோது அடுத்த வாரம் வா என்றார்கள்; ஒதுக்கீட்டு ஆணையையும் முத்திரையிட்ட கட்டணப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனதும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். வருமானச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதை மாற்றி வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை சேர்க்கை.

மூத்த மாணவர் ஒருவர் உடற்கூறியல் படிக்க உதவும் எலும்புத் தொகுப்பு ஒன்றை விலைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டுமா?

---

எலும்புக்கூடு | 19 அக்டோபர் 2024

என் பெயரைப் பார்த்து என்னிடம் கேட்கிறீர்கள் போலும். வாங்க வேண்டாம். துறையில் இருப்பதை மாலையில் கேட்டுப் பயன்படுத்தலாம். அவசியம் என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை வாங்கி, அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு விற்றுவிடுங்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானியும் அளவு நாடாவும் முழங்கால் சுத்தியலும் மட்டும் சொந்தமாக வேண்டும், அவையும் முதல் நாளே தேவைப்படாது. கல்லூரிக் கடையில் வாங்காமல் அறுவைக் கருவிகள் விற்கும் வெளிக் கடையில் விலை கேளுங்கள்.

---

இ-சேவை மேசை | 19 அக்டோபர் 2024

திங்கட்கிழமை போகும்போது ஆதார் இணைத்த வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் எடுத்துப் போங்கள். புதுமைப் பெண் பதிவுக்குக் கல்லூரியில் யார் பொறுப்பு என்று அன்றே கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள்.